ஏ ஷிஃப்ட், பி ஷிஃப்ட், நைட் ஷிஃப்ட்... ஒரகடம் வேலைக்கு நடுவே ஜிம் போவது எப்படி? | முழு விளக்கம்

வாலாஜாபாத்தில் விடியற்காலை 5 மணிக்கே டீக்கடைகளில் கூட்டம் இருக்கும். கழுத்தில் ஐடி கார்டு, கையில் டிபன் பை என்று கம்பெனி பஸ்ஸுக்காக நிற்பவர்கள்தான் அதில் பாதிப் பேர். இதே ஆட்கள் அடுத்த வாரம் மதியம் பஸ் ஏறுவார்கள். அதற்கு அடுத்த வாரம் இரவு 9 மணிக்கு.

இந்த வாழ்க்கையில் "தினமும் காலை 6 மணிக்கு ஜிம்முக்குப் போங்கள்" என்ற அறிவுரை எடுபடுமா? எடுபடாது. அதனால்தான் ஆர்வமாகப் பணம் கட்டிச் சேர்பவர்களில் பலர், முதல் நைட் ஷிஃப்ட் வாரத்திலேயே நின்றுவிடுகிறார்கள். சோம்பேறித்தனம் என்று இதைச் சொல்லிவிட முடியாது. ஒரே நேரத்தில் தூங்கி எழுபவர்களுக்காகப் போடப்பட்ட அட்டவணை, ஷிஃப்ட் வேலைக்குப் பொருந்தவில்லை என்பதுதான் விஷயம்.

அப்படியானால் ஷிஃப்ட் தொழிலாளர்களுக்கு எந்த அட்டவணை பொருந்தும்? வாரத்திற்கு எத்தனை நாள் போனால் போதும்? நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராக ஜிம்முக்குப் போகலாமா? விரிவாகப் பார்க்கலாம்.

ஒரு நாளில் உண்மையில் எவ்வளவு நேரம் இருக்கிறது?

காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள வாலாஜாபாத்தில் இருந்து ஒரகடம் சுமார் 20 கிலோமீட்டர். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிஸான், 2012-ல் டெய்ம்லர், 2013-ல் ராயல் என்ஃபீல்டு என ஆலைகள் வரிசையாக வந்தன. சுற்றியுள்ள ஊர்களின் தூங்கும் நேரமும் சாப்பிடும் நேரமும் இந்த ஆலைகளின் ஷிஃப்ட்டை ஒட்டியே மாறின.

இப்போது கணக்கைப் பார்ப்போம்.

• ஷிஃப்ட், இடைவேளையோடு சேர்த்து: எட்டரை மணி நேரம்
• பஸ்ஸுக்குக் காத்திருப்பது, போய் வருவது: சுமார் இரண்டரை மணி நேரம்
• தூக்கம்: 7 மணி நேரம்
• மிச்சம்: 6 மணி நேரம்

இந்த 6 மணி நேரத்தில்தான் குளியல், சாப்பாடு, துணி துவைப்பது, குழந்தைகள், மளிகை, போன் எல்லாமே. ஆனாலும் இதில் ஒரு மணி நேரத்தை ஒதுக்குவது முடியாத காரியம் அல்ல. ஓவர்டைம் என்று 4 மணி நேரம் கூடினால்தான் சிக்கல். மிச்சம் 2 மணி நேரமாகச் சுருங்கிவிடும். அன்று ஜிம்முக்குப் போனால், அந்த நேரம் தூக்கத்தில் இருந்துதான் போகும்.

தமிழ்நாட்டில் வேலை நேரம் பெரிய அரசியல் விவாதமானதும் இதனால்தான். 12 மணி நேர வேலைக்கு வழிவகுக்கும் சட்டத் திருத்த மசோதா 2023 ஏப்ரல் 21-ல் சட்டப்பேரவையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் கடுமையாக எதிர்த்தன. அந்த ஆண்டு மே தினத்தன்று மசோதா திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். வாரத்திற்கு 48 மணி நேரம், அதற்கு மேல் செய்யும் வேலைக்கு இரட்டிப்புச் சம்பளம் என்பது 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருந்த விதி. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும் அதே 48 மணி நேர வரம்பை வைத்திருக்கிறது.

"நாள் முழுக்க நின்னுதான் வேலை செய்றேன். அதுவே எக்ஸர்சைஸ்தானே?"

லைனில் வேலை செய்பவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட. ஆனால் பதில் 'இல்லை' என்பதுதான்.

சுமார் 1.9 லட்சம் பேரின் தரவுகளைத் தொகுத்த ஒரு ஆய்வு 2018-ல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் வெளியானது. வேலையில் அதிக உடலுழைப்பு கொண்ட ஆண்களுக்கு, குறைந்த உழைப்பு கொண்டவர்களைவிட சீக்கிரம் இறக்கும் அபாயம் 18 சதவீதம் அதிகம் என்று அதில் தெரியவந்தது. பெண்களிடம் இப்படி ஒரு தொடர்பு காணப்படவில்லை. ஓய்வு நேரத்தில் செய்யும் உடற்பயிற்சி ஆயுளைக் கூட்டுகிறது என்பதோ பல ஆய்வுகளில் உறுதியான விஷயம். உடல் அசைவது இரண்டிலும்தான், ஆனால் பலன் நேர்மாறாக இருக்கிறது. ஆய்வாளர்கள் இதை 'உடலுழைப்பு முரண்' என்கிறார்கள்.

ஏன் இப்படி?

• ஜிம்மில் 45 நிமிடம் இதயம் வேகமாகத் துடிக்கும், பிறகு ஓய்வு கிடைக்கும். ஆலையில் 8 மணி நேரம் லேசான சுமை நிற்காமல் இருந்துகொண்டே இருக்கும். இதயத்தை வலுவாக்க அந்தச் சுமை போதாது. உடல் தேறி வர அங்கே ஓய்வும் போதாது.
• ஒரே போல்ட்டை ஒரே கோணத்தில் நூற்றுக்கணக்கான முறை முடுக்கும்போது ஒரே தசைதான் தேய்கிறது. மற்ற தசைகள் சும்மா இருக்கின்றன.
• நிற்பது நடப்பது ஆகாது. வேலை முடியும்போது கால் வீங்குவதும் இடுப்பு பிடிப்பதும் அதிக நேரம் நிற்பதன் விளைவு.

புகைப்பழக்கம், வருமானம், தூக்கம் போன்றவற்றுக்கும் இந்த முடிவுகளில் பங்கு இருக்கலாம். ஆனால் 'வேலையே போதும்' என்று இருந்துவிட முடியாது என்பது தெளிவு.

இன்னொரு காரணமும் இருக்கிறது. ஐசிஎம்ஆர் நிதியுதவியில் நடந்து 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்கு சர்க்கரை நோய் இருக்கிறது. தேசிய சராசரி 11.4 சதவீதம். இரவு வேலையும் சர்க்கரை நோய்க்கான அபாயத்தைக் கூட்டுகிறது. நடு இரவில் சாப்பிடும் சாதத்தை, பகலில் சமாளிப்பது போல உடலால் சமாளிக்க முடிவதில்லை. ரத்தத்தில் உள்ள சர்க்கரையை இழுத்துச் செலவழிக்கும் முக்கிய இடம் தசை. அதனால் தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சி, ஷிஃப்ட் தொழிலாளர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் தேவை.

வாரத்திற்கு எத்தனை நாள் போனால் போதும்?

உலக சுகாதார அமைப்பின் 2020 வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு இரண்டு விஷயங்களைச் சொல்கிறது.

1. வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி. வேகமான நடை, சைக்கிள் போன்றவை இதில் வரும். ஓட்டம் போன்ற கடுமையான பயிற்சி என்றால் 75 முதல் 150 நிமிடம் போதும்.
2. வாரத்திற்கு குறைந்தது 2 நாள், முக்கியத் தசைகள் அனைத்துக்கும் வலிமைப் பயிற்சி.

கவனியுங்கள், 2 நாள்தான். 6 நாள் அல்ல. 'தொடர்ந்து 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் வரும்' என்ற பழைய நிபந்தனையையும் 2020-ல் எடுத்துவிட்டார்கள். பஸ் ஸ்டாப்புக்கு 5 நிமிடம் வேகமாக நடந்தாலும் கணக்கில் சேரும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நேரம் கிடைக்கிறது என்பவர்களுக்கும் நல்ல செய்தி உண்டு. பிரிட்டனில் சுமார் 90 ஆயிரம் பேரின் உடல் அசைவைக் கருவி வைத்து அளந்த ஆய்வு 2024-ல் சர்க்குலேஷன் இதழில் வந்தது. வாரம் முழுக்கப் பயிற்சி செய்பவர்களுக்கும், ஒன்றிரண்டு நாட்களில் மொத்தமாகச் செய்பவர்களுக்கும் நோய் அபாயம் ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்திருந்தது.

'திங்கள் செஸ்ட், செவ்வாய் பேக்' வேண்டாம்

பெரும்பாலான ஜிம்களில் சேர்ந்தவுடன் கையில் கொடுக்கும் அட்டவணை இதுதான். திங்கள் செஸ்ட், செவ்வாய் பேக், புதன் ஷோல்டர், வியாழன் கை, வெள்ளி கால். வாரம் 5 நாள் தவறாமல் வருபவருக்கு இது சரி. ஷிஃப்ட்டால் 2 நாள் மட்டுமே வர முடிந்தால்? செஸ்ட்டும் பேக்கும் செய்துவிட்டு, காலுக்கு வேலையே இல்லாமல் வாரம் முடிந்துவிடும்.

இதற்கு மாற்று, ஒவ்வொரு முறையும் முழு உடலுக்கும் பயிற்சி செய்வது. சேரும்போதே டிரெய்னரிடம் "ஷிஃப்ட்ல இருக்கேன், ஃபுல் பாடி ஷெட்யூல் கொடுங்க" என்று கேட்டுவிடுங்கள். 45 நிமிடத்திற்கான எளிய வடிவம் இது.

• வார்ம் அப்: 5 நிமிடம்
• கால்: ஸ்குவாட் அல்லது லெக் பிரஸ்
• தள்ளுவது: பெஞ்ச் பிரஸ் அல்லது தண்டால்
• இழுப்பது: புல் டவுன் அல்லது ரோயிங்
• தோள்: டம்பெல் பிரஸ்
• வயிறு, இடுப்பு: பிளாங்க்
• ஒவ்வொன்றும் 2 அல்லது 3 செட், 8 முதல் 12 முறை

ஒரு நாள் தவறினாலும் எந்தத் தசையும் விட்டுப்போகாது என்பதுதான் இதன் லாபம். வேலையிலேயே பாரம் தூக்குபவர்கள், அதே நாளில் டெட்லிஃப்டில் அதிக எடை போடுவதைத் தவிர்ப்பது நல்லது.

எந்த ஷிஃப்ட்டுக்கு எந்த நேரம்?

ஷிஃப்ட் நேரம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். காலை 6 - மதியம் 2, மதியம் 2 - இரவு 10, இரவு 10 - காலை 6 என்ற வழக்கமான சுழற்சியை வைத்துப் பார்ப்போம். 'ஜிம்முக்குக் காலையில் போவதா, மாலையில் போவதா' என்று யோசிக்காமல், 'தூங்கி எழுந்த பிறகா, தூங்குவதற்கு முன்பா' என்று யோசித்தால் எளிதாகிவிடும்.

ஏ ஷிஃப்ட் வாரம்: 3 நாள்

விடிகாலை 4 மணிக்கு எழுந்தவருக்கு அதற்கு முன்னால் ஜிம் என்பது நடக்காது. மதியம் 3 மணி வாக்கில் வீடு திரும்பி, சாப்பிட்டு, அரை மணி நேரம் மட்டும் கண் அசரலாம். மாலை 4.30 அல்லது 5 மணிக்கு ஜிம். இரவு 9 மணிக்குப் படுத்தால்தான் 7 மணி நேரத் தூக்கம் கிடைக்கும். மூன்று ஷிஃப்டில் ஜிம்முக்கு வசதியான வாரம் இதுதான். அதிகப் பயிற்சியை இந்த வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பி ஷிஃப்ட் வாரம்: 2 நாள்

வீடு வந்து படுக்க நள்ளிரவு ஆகிவிடும். 'எல்லாரும் காலை 5 மணிக்கு வர்றாங்க' என்று அலாரம் வைக்காதீர்கள். 7.30 வரை தூங்குங்கள். காலை 8.30 அல்லது 9 மணிக்கு ஜிம். சின்ன ஊர்களில் பல ஜிம்கள் முற்பகலில் மூடி, மாலையில்தான் மறுபடி திறக்கும். பணம் கட்டும் முன்பே இந்த நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நைட் ஷிஃப்ட் வாரம்: 1 நாள் போதும்

நைட் முடிந்து காலை 7 மணிக்கு ஊரில் இறங்கும்போது ஜிம் திறந்திருக்கும். 'அப்படியே முடிச்சிட்டுப் போயிடலாம்' என்று தோன்றும். வேண்டாம். 24 மணி நேரத்தில் பெரும்பகுதி விழித்திருந்த உடலில் கவனமும் பிடிமானமும் குறைந்திருக்கும். தலைக்கு மேல் எடையைத் தூக்கும்போது அது ஆபத்து. தூக்கக் கலக்கத்தில் பைக் ஓட்டுவது அதைவிட ஆபத்து.

முதலில் தூக்கம். காலை 8 முதல் மதியம் 3 வரை அறையை இருட்டாக்கி, போனை சைலன்ட்டில் போட்டுத் தூங்குங்கள். மாலை 5 மணிக்கு ஜிம். பிறகு குளித்து, சாப்பிட்டு, பஸ். அந்த வாரம் முழுக்க ஒரே ஒரு நாள் போனாலும் குறை இல்லை.

ஷிஃப்ட் மாறும் நாள்: லீவு

நைட்டில் இருந்து அடுத்த ஷிஃப்ட்டுக்கு மாறும் நாளில் ஜிம் வேண்டாம். அன்று தூக்கக் கடனை அடைப்பதுதான் வேலை. மாலையில் கொஞ்சம் நடந்தால் போதும்.

ஒரு வாரம் குறைந்தால் உடம்பு இறங்கிவிடுமா?

இறங்காது. பயிற்சியைக் குறைத்தால் என்ன ஆகும் என்று பல ஆய்வுகளை அலசிய ஒரு கட்டுரை 2021-ல் வெளியானது. ஏற்கெனவே பெற்ற வலிமையை, வாரத்திற்கு ஒரே ஒரு முறை பயிற்சி செய்தே 32 வாரங்கள் வரை தக்கவைக்க முடியும் என்கிறது அது. நிபந்தனை ஒன்றுதான். நாட்களைக் குறைக்கலாம், செட்டைக் குறைக்கலாம், தூக்கும் எடையை மட்டும் குறைக்கக் கூடாது.

3, 2, 1 என்ற கணக்கு இதனால்தான். ஏ ஷிஃப்ட்டில் ஏற்றுவது, பி ஷிஃப்ட்டில் தொடர்வது, நைட்டில் தக்கவைப்பது. மூன்று வாரத்தில் 6 முறை. சராசரியாக வாரம் 2. உலக சுகாதார அமைப்பு சொல்லும் அளவும் இதுதான்.

பழக்கம் பதிய எவ்வளவு நாள் ஆகும் என்பதையும் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். 96 பேரிடம் நடந்த அந்த ஆய்வில் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் என்றும் கணக்கிடப்பட்டது. நடுவில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெட்டுப்போகவில்லை. '21 நாளில் பழக்கமாகிவிடும்' என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி மனம் உடைய வேண்டாம்.

பெண் தொழிலாளர்களுக்கு நேரம் எங்கே?

மேலே சொன்ன 6 மணி நேரக் கணக்கு பெண்களுக்கு அப்படியே பொருந்தாது. மத்திய அரசின் 2024-ம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் செலவிடும் நேரம் 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். லான்செட் குளோபல் ஹெல்த் இதழ் 2024-ல் வெளியிட்ட ஆய்வில், இந்தியாவில் போதிய உடல் அசைவு இல்லாத பெண்கள் 57 சதவீதம், ஆண்கள் 42 சதவீதம். இந்த இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் காரணம் புரியும். வீட்டில் யாராவது ஒரு மணி நேர வேலையை வாங்கிக்கொண்டால்தான் அந்தப் பெண்ணுக்கு ஜிம் நேரம் கிடைக்கும்.

விடுதியில் தங்குபவர்களின் நிலை வேறு. வல்லம் வடகால் சிப்காட்டில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. இது போன்ற இடங்களில் இருந்து வெளியே ஜிம்முக்குப் போய் வருவது எளிதல்ல. அறையிலேயே 15 நிமிடத்தில் முடிக்க இது போதும்.

• பஸ்கி: 15 முறை
• சுவரில் அல்லது கட்டில் விளிம்பில் கை ஊன்றித் தண்டால்: 10 முறை
• தண்ணீர் நிரப்பிய கேன் அல்லது பையை இடுப்பு வரை இழுப்பது: கைக்கு 12 முறை
• பிளாங்க்: 20 முதல் 30 விநாடி
• இவை அனைத்தையும் மூன்று சுற்று

ஜிம்முக்கு நேரம் கிடைக்காத ஓவர்டைம் வாரங்களில் ஆண்களுக்கும் இதே பயிற்சிதான் மாற்று.

ஒரு வருட பேக்கேஜ் கட்டலாமா?

'மாதம் கட்டினா அதிகம், வருஷம் கட்டினா பாதி விலை' என்பது எல்லா ஜிம்மிலும் கேட்கும் வசனம். அமெரிக்காவில் 7,752 ஜிம் உறுப்பினர்களின் வருகைப் பதிவைப் பார்த்த ஆய்வு 2006-ல் வெளியானது. மாதக் கட்டணம் கட்டியவர்கள் மாதத்திற்குச் சராசரியாக 4.3 முறைதான் வந்திருந்தார்கள். ஒரு வருகைக்கு 10 டாலர் என்ற பாஸ் அங்கே இருந்தும், அவர்கள் கொடுத்தது வருகைக்கு 17 டாலருக்கு மேல்.

எனவே மொத்தத் தொகையைப் பார்க்காமல், ஒரு வருகைக்கு எவ்வளவு என்று பாருங்கள். உதாரணத்திற்கு, மாதம் 800 ரூபாய் கட்டி 8 முறை போனால் வருகைக்கு 100 ரூபாய். 2 முறைதான் போனால் 400 ரூபாய். முதல் மூன்று மாதம் மாதக் கட்டணமே கட்டுங்கள். மூன்று ஷிஃப்டிலும் போக முடிகிறது என்று உறுதியான பிறகு நீண்ட பேக்கேஜை யோசிக்கலாம்.

ரசீதையும் பாருங்கள். ஜிம் சேவைக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டுள்ளது.

சாப்பாடு, டீ, பவுடர்

• புரோட்டீன் பவுடர் கட்டாயமா? இல்லை. உடம்பை ஏற்றுவதற்காக புரோட்டீன் சப்ளிமென்ட் எடுப்பதைத் தவிர்க்குமாறு ஐசிஎம்ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாத வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. வேர்க்கடலை, சுண்டல், பருப்பு, தயிர், மீன் ஆகியவை போதும்.
• ஜிம்முக்கு ஒரு மணி நேரம் முன்பு வாழைப்பழம் அல்லது இரண்டு இட்லி போதும். வயிறு நிறையச் சாதம் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டாம்.
• நைட் ஷிஃப்டில் விடியற்காலை டீ, காபி வேண்டாம். தூங்குவதற்கு 6 மணி நேரம் முன்பு குடிக்கும் காபிகூட தூக்கத்தைக் குறைக்கும்.
• தூங்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கடுமையான பயிற்சியை முடித்துவிடுங்கள். அதற்கு முன்பு செய்யும் மாலைப் பயிற்சி பொதுவாகத் தூக்கத்தைக் கெடுப்பதில்லை.

யார் மருத்துவரைப் பார்த்த பிறகு தொடங்க வேண்டும்?

ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயப் பிரச்சினை இருப்பவர்கள், குடும்பத்தில் இளம் வயதில் மாரடைப்பு வந்திருப்பவர்கள், கர்ப்பிணிகள், முதுகுத் தண்டுப் பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். 30 வயதைத் தாண்டியவர்கள் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே பார்க்கலாம். இஎஸ்ஐ அட்டை இருப்பவர்கள் இஎஸ்ஐ மருந்தகத்துக்குப் போகலாம்.

பயிற்சியின்போது நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடையில் வலி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்துங்கள். 'கேஸ் பிடிச்சிருக்கும்' என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

சுருக்கமாக

• ஏ ஷிஃப்ட் வாரம் 3, பி ஷிஃப்ட் 2, நைட் 1. மூன்று வாரத்தில் 6 முறை.
• ஒவ்வொரு முறையும் முழு உடலுக்கும் பயிற்சி.
• நைட் முடிந்து நேராக ஜிம் வேண்டாம். தூங்கிவிட்டு மாலையில் போங்கள்.
• ஓவர்டைம் நாளிலும் ஷிஃப்ட் மாறும் நாளிலும் தூக்கத்துக்கே முதலிடம்.
• முதல் மூன்று மாதம் மாதக் கட்டணம் மட்டும்.

அடுத்த மாத ஷிஃப்ட் அட்டவணை கைக்கு வந்ததும், ஜிம் நாட்களையும் அதிலேயே குறித்துவிடுங்கள்.